நடப்பவருக்கு வழிவிடுமா சென்னை?

மாலை ஐந்தரை மணி. மாம்பலம் ரயில் நிலையத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயில் நின்றதும் பெட்டியிலிருந்த கூட்டத்தில் பாதி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், பேத்தியின் கையைப் பிடித்தபடி படியேறிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, "பாண்டி பஜாருக்கு ஆட்டோ எவ்ளோ கேப்பாங்க சார்?" என்றார்.

"நடந்தே போயிடலாமேம்மா, கால் மணி நேரம்தான்" என்றேன்.

முழங்கால் வலியைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "நடக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஊர்ல தினம் கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கறவதான். இங்க எங்க நடக்கறது? இவளையும் கையில புடிச்சிக்கிட்டு?"

அவர் ஆட்டோவில் போனார். நான் நடந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கால் மணி நேர நடையிலிருந்து தொடங்குகிறது.

ரயில் நிலையத்தை ஒட்டி ரங்கநாதன் தெரு. சென்னையில் அதிகமாக வியாபாரம் நடக்கும் தெருக்களில் ஒன்று. இங்கே எந்தக் கடை வாசலுக்கும் கார் போகாது. கூட்டமே வண்டிகளைத் துரத்திவிட்டது. குக்கர், பாத்திரம், பள்ளிச் சீருடை, கல்யாணப் பட்டு என்று எதை வாங்கினாலும் கையில் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். ஆனாலும் பல பத்தாண்டுகளாக இந்தத் தெருவில் கூட்டம் குறையவே இல்லை. கடை வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டி வந்து நிறுத்தினால் போதும்.

தெரு முடிந்து உஸ்மான் சாலை. தலைக்கு மேலே மேம்பாலம். கீழே பேருந்தும் ஆட்டோவும் பைக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. நடைபாதை இருக்கிறது, ஆனால் தொடர்ந்து இருப்பதில்லை. பத்தடி போனால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். அதைச் சுற்றி வந்தால் கடைக்காரர் நடைபாதை வரை நீட்டிக் கட்டிய படிக்கட்டு. அடுத்து குறுக்காக நிற்கும் பைக்குகள். அதற்கப்பால் தூக்கி வைத்த மழைநீர் வடிகால் மூடி, பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். பனகல் பூங்காவை நெருங்கும்போது மெட்ரோ ரயில் பணிக்காக அடித்த தகரத் தடுப்பு. எண்ணிக்கொண்டே போனேன். பனகல் பூங்கா போய்ச் சேர்வதற்குள் பதினேழு முறை நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன்.

பூங்காவைத் தாண்டி, பாண்டி பஜார் இருக்கும் தியாகராயா சாலையில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. மரநிழல். பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கக்கூடிய சமதளமான பாதை. கல் இருக்கைகளில் கல்லூரிப் பெண்கள். ஓர் அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் குழந்தையின் கையை விட்டுவிட்டு நிற்கிறார். சென்னையின் கடைத்தெருவில் குழந்தையின் கையை விடும் அப்பாவை வேறெங்கும் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

ஒரே பேட்டை. ஒரே மாநகராட்சி. நடுவில் ஒரு பூங்கா. அந்தப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடை, இந்தப் பக்கம் உல்லாச நடை. இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அந்தப் பக்கமும் இப்படி ஆக எது தடை என்று கேட்கத்தான் வேண்டும்.

ஏரி இருந்த இடம்

நான் நடந்த இந்தத் தியாகராய நகர் தற்செயலாக முளைத்த பேட்டை அல்ல. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, வரைபடம் போட்டுக் கட்டிய நகர். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான சர் பிட்டி. தியாகராயரின் பெயர் நகருக்கு. சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருக்கும் பூங்காவுக்கு. பூங்காவிலிருந்து சாலைகள் விசிறிபோல் பிரிந்து போகும்படி அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் ஏரியை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி தானே வந்து நினைவூட்டும். 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி சாலையிலும் சுற்றுத் தெருக்களிலும் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலிலிருந்து இறங்கி நடந்து வீட்டுக்குப் போகிற பேட்டையாகத்தான் தி.நகர் வளர்ந்தது. பூங்காக்களை நடந்து போகும் தூரத்தில் வைத்தார்கள். எழுத்தாளர் அசோகமித்திரன் இந்தப் பேட்டைக்காரர். தன் எழுத்தில் கணிசமான பகுதியை நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். வீட்டிலிருந்து பூங்காவுக்கு நிம்மதியாக நடந்து போக முடிந்த ஊரில்தான் அப்படி எழுத முடியும்.

பிறகு கடைகள் வந்தன. பட்டு, தங்கம், பாத்திரம் என்று தென்னிந்தியா முழுவதும் கல்யாணச் சாமான் வாங்க வருகிற இடமாகிவிட்டது. வீடுகள் கடைகளாயின, கடைகள் மாடிகளாயின. சாலையின் அகலம் மட்டும் கூடவில்லை. இருந்த அகலத்தில் வண்டிகளுக்கு இடம் தேடியபோதெல்லாம் எடுத்தது நடப்பவர்களின் இடத்தைத்தான். இது யாரும் ஒரு நாளில் உட்கார்ந்து எடுத்த முடிவல்ல. ஆண்டுக்கு ஓரடி, ஒன்றரை அடியாகப் போனது. அதனால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

சென்னைப் பேச்சில் நடைபாதைக்குப் பெயர் 'பிளாட்பாரம்'. அந்தச் சொல்லோடு நம் நினைவுக்கு வருவது பிளாட்பாரக் கடை, பிளாட்பாரவாசி, பிளாட்பாரத்தில் கிடைத்த பழைய புத்தகம். அங்கே விற்பவருக்கும் தூங்குபவருக்கும் சொல் இருக்கிறது. நடப்பவரைக் குறிக்க மட்டும் அதில் ஒரு சொல் பிறக்கவில்லை.

பாண்டி பஜார் காட்டிய வழி

2016-ல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு முதல் சுற்றில் தேர்வான 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. அதில் தி.நகரை மையமாக வைத்துத்தான் சென்னை விண்ணப்பித்தது. அதன் பலனாக, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற முழுப் பெயர் கொண்ட பாண்டி பஜாரில், தியாகராயா சாலையை நடைபாதை வளாகமாக மாற்றினார்கள். ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவு. 2019 நவம்பர் 13-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார்.

கட்டுவதற்கு முன்பு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வார இறுதிகளில் வண்டிகளைத் திருப்பிவிட்டு, சாலையை நடப்பவர்களுக்குத் திறந்து முன்னோட்டம் பார்த்தார்கள். நடுச்சாலையில் குழந்தைகள் விளையாடினார்கள். கடைக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். வரைபடத்தைக் காட்டி விளக்கினால் வராத நம்பிக்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தால் வரும். கோபன்ஹேகன் நகரின் ஸ்ட்ராய்யட் கடைத்தெருவும் 1962-ல் சோதனையாகத்தான் கார்களுக்கு மூடப்பட்டது. அங்கும் கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். பிறகு அது நிரந்தரமானது. நம் நாட்டில் டெல்லியின் சாந்தினி சவுக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரையுள்ள 1.3 கிலோமீட்டர் சாலை 2021 செப்டம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. காலை 9 முதல் இரவு 9 வரை அங்கே மோட்டார் வண்டிகளுக்குத் தடை.

பாண்டி பஜாரில் வண்டிகளை முழுவதும் நிறுத்தவில்லை. வண்டிகள் ஓடும் பாதையைச் சுருக்கி இருபக்கமும் நடைபாதையை அகலமாக்கினார்கள். பெரிய மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றியே பாதையை அமைத்தார்கள். வண்டிகளை நிறுத்தப் பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டினார்கள். வேலை முழுமை என்று சொல்ல மாட்டேன். மாலை நேரத்தில் பைக்குகள் நடைபாதையில் ஏறிவிடுகின்றன. அவற்றைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்களுக்கு இடையே சக்கர நாற்காலி புகுமா என்பதை நட்டவர்கள் எல்லா இடத்திலும் பார்க்கவில்லை. கல் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தி.நகரில் 2021-ல் தண்ணீர் நின்றபோது, ஸ்மார்ட் சிட்டி பணத்தில் வடிகாலுக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி எழுந்து, அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது. அது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் பாண்டி பஜாரை நான் வெற்றி என்றே சொல்வேன். அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதுவும் வாங்காமல், காசு கொடுக்காமல், துரத்துபவர் யாருமில்லாமல் கடைத்தெருவில் உட்கார ஓர் இடம். கடற்கரையை விட்டால் சென்னையில் இப்படி எத்தனை இடம் இருக்கிறது?

பத்தாண்டுக்கு முந்தைய வாக்குறுதி

பாண்டி பஜார் ஒரு தீவாகவே நின்றுவிட்டதுதான் சிக்கல். அது தீவாக நிற்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. சொல்லப்போனால், திட்டம் நேர்மாறானது.

2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் சாரா போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கை. இப்படி ஒன்றை இந்தியாவில் முதலில் ஏற்ற மாநகராட்சிகளில் சென்னை முன்வரிசையில் இருந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடைபாதை, சைக்கிள் பாதை போன்றவற்றுக்கே என்று அதில் எழுதினார்கள். நடப்பவர் மரணத்தைப் பூஜ்யமாக்குவதும் அதன் இலக்குகளில் ஒன்று. பேருந்துகள் ஓடும் சாலைகளில் பலவற்றில் அதன்பின் நடைபாதை அகலமானது உண்மை. அந்த வேகம் நீடிக்கவில்லை என்பதும் உண்மை.

இந்தக் கொள்கை யாருக்கோ செய்யும் சலுகை அல்ல. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2008-ல் தொடங்கிச் செய்த போக்குவரத்து ஆய்வில், நகரில் நடக்கும் பயணங்களில் நூற்றுக்கு 28 நடந்தே செய்யப்பட்டவை என்று தெரிந்தது. காரிலும் டாக்சியிலும் போனவை நூற்றுக்கு 6 மட்டுமே. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் இரு முனையிலும் நடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கார் வைத்திருப்பவரும் வண்டியை நிறுத்திய பிறகு நடக்கத்தான் செய்கிறார். சென்னையில் தினமும் நடக்காதவர் கைக்குழந்தையும் படுத்த படுக்கையாக இருப்பவரும் மட்டும்தான்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்தில் 28.45 கோடி ரூபாய் செலவில் ஆகாய நடைபாதை கட்டி, 2023 மே 16-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். பெட்டியும் பையுமாக ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. லிப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது. மழையில் நனையாமல் போகலாம். நானே பலமுறை அதில் போயிருக்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கூடவே வருகிறது. நடப்பவர் ஏன் மேலே ஏறவேண்டும்? தரையிலேயே நடக்க இடம் தந்திருந்தால் அந்த அம்மா ஆட்டோ தேடியிருக்க மாட்டார். போகிற வழியில் பூ வாங்கியிருப்பார், பேத்திக்கு வளையல் பார்த்திருப்பார். ஆகாய நடைபாதையில் போகிறவர் எந்தக் கடை வாசலிலும் நிற்பதில்லை. அது கடப்பதற்கான வழி. கடைத்தெரு நின்று பார்ப்பதற்கானது.

இதே பேட்டையில் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் கட்டி 2025 செப்டம்பரில் திறந்தார்கள். ஏறக்குறைய 165 கோடி ரூபாய். பாண்டி பஜார் முழுவதையும் மாற்ற ஆன செலவைப்போல் நான்கு மடங்கு. நெரிசலில் தவித்தவர்களுக்கு அது தேவைதான் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாலத்தின் கீழே நடப்பவருக்கு இதில் எத்தனை ரூபாய் வந்தது என்று கேட்கும் நியாயமும் உண்டு.

ஓரடி உயரம், எட்டு நொடி

நடைபாதை என்றால் பலருக்கும் கிரானைட் கல்லும் அலங்கார விளக்கும்தான் கண்ணில் தெரியும். நடப்பவருக்கு வேண்டியவை அவற்றைவிடச் சின்ன விஷயங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த விதிகளில் அவை தெளிவாகவே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில்கூட எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும் அகலம் அது. கடைத்தெருவில் இன்னும் கூடுதலாக வேண்டும். தலைக்கு மேலே 2.2 மீட்டருக்குக் கீழே எதுவும் தொங்கக்கூடாது. சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய அரை அடி.

ஒரு நாள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதியின் பிரதான சாலைக்குப் போனேன். முதல் இடத்தில் உயரம் 14 அங்குலம். அடுத்த வீட்டு வாசலில் கார் ஏறுவதற்காக இடித்துச் சரிவாக்கியிருந்தார்கள். அதையடுத்து மீண்டும் 13 அங்குலம். மறுபடி சரிவு. ஐம்பது அடிக்குள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கவேண்டும். மாடிப்படியே ஒரு படிக்கு ஆறேழு அங்குலம்தான். எழுபது வயதுக்காரர் இதில் ஏறி இறங்குவதைவிடச் சாலையில் நடப்பது எளிது என்று முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

என் அப்பா அப்படித்தான் முடிவெடுத்தார். ஒரு மார்கழி விடியற்காலை, நடைபாதையில் உடைந்து கிடந்த வடிகால் பலகையைத் தவிர்த்துச் சாலையில் இறங்கியவரைப் பின்னால் வந்த பைக் தட்டிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்க ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அவர் தனியாக வாசலைத் தாண்டவே இல்லை. எலும்பு கூடிவிட்டது, தெருவில் இறங்கும் தைரியம் கூடவில்லை.

நடைபாதை ஏன் இவ்வளவு உயரமாகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. சாலை உயர்ந்ததும் நடைபாதையை உயர்த்தினார்கள், பிறகு வீட்டு வாசலை உயர்த்தினார்கள். பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுச்சாலை போடவேண்டும் என்று இப்போது உத்தரவு இருக்கிறது. உங்கள் தெருவில் சாலை போடும்போது அதைக் கேளுங்கள். 'மில்லிங்' செய்தீர்களா என்ற ஒரு கேள்வி போதும். ஒப்பந்தக்காரருக்குப் புரியும்.

சிக்னலும் இப்படித்தான். திடமான ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கு வைத்துத்தான் பச்சை விளக்கின் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். இருபது மீட்டர் அகலச் சாலையை அவர் பதினேழு நொடியில் கடந்துவிடுவார். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு இருபத்தைந்து நொடி வேண்டும். அந்த எட்டு நொடியைத்தான் அவர் சாலை நடுவில், உறுமும் வண்டிகளுக்கு முன்னால் கழிக்கிறார். எட்டு நொடியைக் கூட்ட எந்த டெண்டரும் தேவையில்லை.

கூடைக்காரம்மா எங்கே போவார்?

நடைபாதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பலர் முதலில் சொல்வது, "முதல்ல அந்தக் கடைகளைத் தூக்கணும்." நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

பாண்டி பஜாரில் அதைச் செய்து பார்த்தார்கள். 2013 கடைசியில் நடைபாதையிலிருந்த 600-க்கும் மேற்பட்ட வியாபாரிகளை அங்கே கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஹேர்பின்னும் கைக்குட்டையும் வாங்க யாரும் மாடி ஏற மாட்டார்கள் என்பது வியாபாரம் செய்பவருக்குத் தெரியும். போகிறவர் கண்ணில் பட்டால்தான் அந்தச் சரக்கு விற்கும். பலருக்கு வியாபாரம் படுத்தது, சிலர் மெல்ல மெல்லத் தெருவுக்கே திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டே, 2014-ல், நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரவேண்டும், எங்கே விற்கலாம் என்பதை நகர விற்பனைக் குழு முடிவு செய்யவேண்டும், அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அதாவது நடைபாதையை வரையும்போதே கூடைக்காரம்மாவுக்கும் அதில் ஓர் இடம் வரையலாம்.

நாலு மீட்டர் அகலப் பாதையில் ஒரு மீட்டர் அவருக்கு, மூன்று மீட்டர் நமக்கு. அப்போது நம்மை அவர் தடுக்க மாட்டார். இன்னும் சொன்னால், இரவில் அந்தத் தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பெரும்பாலும் அவர்தான். கடை ஷட்டர்கள் எல்லாம் இறங்கிய பிறகும் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தால், அந்த வழியாகத் தனியாக வரும் பெண் அந்தப் பக்கமாகத்தான் நடப்பாள்.

நடைபாதையில் பைக்கை நிறுத்துபவரை நாம் யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதில்லை. மல்லிகைப்பூ விற்பவரை உடனே சொல்லிவிடுகிறோம். இரண்டில் எது அதிக இடத்தை அடைக்கிறது என்று ஒருமுறை நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கோவை மருத்துவர் போட்ட வழக்கு

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. நாளொன்றுக்குச் சராசரியாக 90 பேர்.

விபத்தில் நொறுங்கி வருபவர்களின் எலும்புகளை ஒட்டவைத்து ஒட்டவைத்துச் சலித்துப்போன கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில் 2025 மே 14-ல் நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு பிறப்பித்த உத்தரவு ஒவ்வொரு பாதசாரிக்கும் தெரிந்திருக்கவேண்டியது. நடைபாதையில் நடக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி, நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்றவேண்டும், இதற்கான வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் வகுக்கவேண்டும் என்றது அந்த உத்தரவு. நடைபாதை கேட்பவர் இனி அழகுக்காகக் கேட்பவர் அல்ல. உயிருக்கான உரிமையைக் கேட்பவர்.

உரிமை கிடைத்துவிட்டது என்று சும்மா இருந்தால் தெருவுக்கு அது வந்து சேராது. தமிழ்நாட்டு நகரங்களில் இப்போது வார்டுதோறும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குப்பை, தெருவிளக்கு, தண்ணீர் பற்றியெல்லாம் அங்கே பேசுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஓர் இஞ்ச் டேப்போடு போங்கள். உங்கள் தெரு நடைபாதையின் உயரம், அகலம், உடைந்த பலகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 'நடைபாதை சரியில்லை' என்று சொன்னால் பார்க்கலாம் என்பார். '14 அங்குலம், இருக்கவேண்டியது ஆறு' என்று சொன்னால் பதில் சொல்லியாகவேண்டும்.

பெருநகர சென்னை மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். 2014-ல் நீங்களே எழுதிய 60 விழுக்காட்டை வரும் பட்ஜெட்டில் தனித் தலைப்பாகப் போட்டு, எத்தனை கோடி, எந்தச் சாலை என்று வெளியிடுங்கள். முதல் வேலையாக மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பனகல் பூங்கா வரை தரையில், இடையில் எங்கும் அறுபடாத ஒரு நடைபாதை போடுங்கள். பாண்டி பஜாரில் அதைச் செய்தவர்கள் நீங்கள்தான். எப்படிச் செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பனகல் பூங்காவில் மெட்ரோ சுரங்க நிலையம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடத்தில் அது ஒரு நிலையம். அது திறக்கும் நாளில் தினமும் ஆயிரக்கணக்கானோர் படியேறி நேராகத் தெருவுக்கு வருவார்கள். அவர்களில் ஒரு பாட்டியும் பேத்தியும் இருப்பார்கள். தகரத் தடுப்பைப் பிரித்த பிறகு திட்டம் போட ஆரம்பித்தால் தாமதமாகிவிடும். நிலையம் திறக்குமுன் நடைபாதையைத் திறந்துவிடுங்கள்.